பழைய அமெரிக்க ரேடியோ, டிவி நிகழ்ச்சிகளின் ஆண்டு நாட்கள்: எந்தத் தேதிகளைச் சேர்ப்பது?

அலைவரிசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சில பேர் வாராவாரம் இணையத்தில் கூடி, அமெரிக்காவின் பழைய வானொலி நாடகங்களையும் ஆரம்பகால டிவி நிகழ்ச்சிகளையும் சேர்ந்து கேட்டும் பார்த்தும் வருகிறோம். இதுவரை யாருக்கு எது பிடித்ததோ அதைப் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் முதல் ஒரு நாட்காட்டி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. எந்த நிகழ்ச்சி எந்தத் தேதியில் முதன்முதலாக ஒலிபரப்பானதோ, அந்தத் தேதியை ஒட்டி அதைப் போடுவது. நவம்பர் 2 என்றால், 1920இல் பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் ஹார்டிங், காக்ஸ் மோதிய அதிபர் தேர்தலின் முடிவுகளை வாசித்த ராத்திரி. நவம்பர் 15 என்றால், 1926இல் என்பிசி என்ற ரேடியோ நெட்வொர்க் தொடங்கிய நாள். அக்டோபர் 2 என்றால், 1959இல் ‘ட்விலைட் ஸோன்’ டிவித் தொடர் ஆரம்பித்த நாள். இப்படி.

பட்டியல் போட உட்கார்ந்ததும் இரண்டு சிக்கல் வந்துவிட்டது. ஒன்று, தேதியே ஒத்துப்போவதில்லை. முகமூடி வீரனின் கதையான ‘லோன் ரேஞ்சர்’ ரேடியோத் தொடர் டெட்ராய்ட்டின் டபிள்யூஎக்ஸ்ஒய்இஸட் நிலையத்தில் 1933 ஜனவரி 30இல் தொடங்கியது என்பாரும் உண்டு, 31 என்பாரும் உண்டு. இரண்டாவதுதான் பெரிய தலைவலி. தேதி உறுதியாகத் தெரிந்தாலும் அன்றைக்குப் போட ஒன்றும் இல்லை. கேடிகேஏயின் அந்தத் தேர்தல் ராத்திரிக்குப் பதிவு கிடையாது. கெர்ட்ரூட் பெர்க் எழுதி நடித்த ‘கோல்ட்பர்க்ஸ்’ ரேடியோத் தொடர் 1929 நவம்பர் 20இல் தொடங்கியது, அந்த முதல் எபிசோடும் இல்லை. லோன் ரேஞ்சரில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் 1938க்குப் பிறகு வந்தவை. பிறந்தநாள் இருக்கிறது, குழந்தையின் குரல் இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

முதல் நாளை விட்டுவிட்டு வேறு எந்த நாளைப் பிடிப்பது? நீங்கள் என்றால் எந்தெந்தத் தேதிகளைச் சேர்ப்பீர்கள், ஏன்? காரணத்தோடு சொன்னால் குழுவில் பேச வசதியாக இருக்கும்.

தட்டு சேகரிப்பவன் எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. முதலில் ஏன் பதிவு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1930களில் என்பிசி, அதன் போட்டி நெட்வொர்க்கான சிபிஎஸ் இரண்டுமே பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்பக் கூடாது என்று வைத்திருந்தார்கள். எல்லாம் நேரலை. நியூயார்க்கில் ராத்திரி 8 மணிக்கு ஒரு நாடகம் நடத்தினால், மேற்குக் கரைக்காரர்களுக்கு அவர்களுடைய 8 மணிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதே நடிகர்கள், அதே இசைக்குழு, அதே சத்தம் எழுப்புகிறவர்கள் எல்லாரும் நியூயார்க் நேரம் 11 மணிக்குத் திரும்ப வந்து முழு நாடகத்தையும் இன்னொரு தடவை நடத்துவார்கள். அப்படியிருக்கும்போது பதிவு என்பது ஸ்பான்சருக்கோ நடிகருக்கோ விளம்பர நிறுவனத்துக்கோ தேவைப்பட்டால் மட்டும் எடுத்து வைக்கிற ஒரு பிரதி. 16 அங்குல ஒலித்தட்டு, ஒரு பக்கத்துக்கு 15 நிமிஷம் பிடிக்கும். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கம். யுத்த காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியின் மேல் அரக்குப் பூசி அதில் பதிவு செய்தார்கள். அது கை தவறி விழுந்தால் அவ்வளவுதான்.

ஆகவே நாட்காட்டியைப் பதிவு இருக்கிற நாட்களை வைத்தே கட்டுங்கள் என்பேன். அதில் என் முதல் பரிந்துரை எந்தத் தொடரின் பிறந்தநாளும் இல்லை. செப்டம்பர் 21. 1939இல் அந்த நாளில் வாஷிங்டனில் இருந்த டபிள்யூஜேஎஸ்வி என்ற சிபிஎஸ் நிலையம், தேசிய ஆவணக் காப்பகத்துக்காக, காலையில் நிலையம் திறந்ததிலிருந்து நள்ளிரவு தாண்டி மூடும்வரை அன்றைக்கு ஒலிபரப்பான அத்தனையையும் தட்டில் பதிவு செய்தது. காலையில் ஆர்தர் காட்ஃப்ரி தூக்கக் கலக்கம் தெளியாத ஆள் மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டே விளம்பரம் சொல்வார். அப்புறம் வரிசையாகக் கால் மணி நேரக் குடும்பத் தொடர்கள். மத்தியானம் அதிபர் ரூஸ்வெல்ட் காங்கிரஸில் நடுநிலைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், ஐரோப்பாவில் யுத்தம் ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்புறம் கிளீவ்லாந்தும் வாஷிங்டனும் ஆடும் பேஸ்பால். ராத்திரி நகைச்சுவை, அதற்குப் பிறகு நடன இசைக்குழுக்கள். முழுவதும் இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. தனி நிகழ்ச்சியாகக் கேட்கும்போது புரியாத ஒன்று இதில் புரியும்: மக்களுக்கு அது நிகழ்ச்சிகளின் வரிசையாக இல்லை, நாள் முழுக்க வீட்டில் ஓடிக்கொண்டே இருந்த ஒரு குரல். அதிபரின் பேச்சு முடிந்ததும் பேஸ்பால் வருகிற அந்த இடத்தை மட்டுமாவது குழுவில் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று மே 6. 1937இல் நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததை ஹெர்ப் மாரிசன் விவரித்த பதிவு. அது நேரலை என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, சிகாகோ டபிள்யூஎல்எஸ் நிலையத்துக்காகத் தட்டில் பதிவு செய்யப்பட்டது. அதை ஒலிபரப்புவதற்காகத்தான் என்பிசி தன் தடையையே தளர்த்தியது. ஒரு விஷயம் கவனியுங்கள், சுற்றிலும் கிடைக்கிற பிரதிகள் பலவற்றில் வேகம் கூடியிருப்பதால் அவர் குரல் கீச்சென்று கேட்கும். அவருடைய இயல்பான குரல் அதைவிடத் தாழ்ந்தது. வேகம் சரிசெய்த பிரதியாகத் தேடி எடுங்கள். கேட்கிறவர்களுக்கு அவர் ஓர் உணர்ச்சிவசப்பட்ட ஆளாகத் தெரியாமல், கண் முன்னால் ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே தன் வேலையையும் செய்ய முயல்கிற மனிதராகத் தெரிவார்.

செந்தாமரை எழுதியது:

எனக்குத் தொடக்கங்களைவிட முடிவுகள்தான் முக்கியம். தொடங்கும்போது அது நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது, பாதி நிகழ்ச்சிகள் ஆரம்பத்தில் சுமாராகத்தான் இருக்கும். முடிகிற நாளில் எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 25ஐக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960இல் அன்றைக்கு சிபிஎஸ் தன்னிடம் மிச்சமிருந்த பகல்நேர ரேடியோத் தொடர்களை ஒரே நாளில் முடித்துவிட்டது. அதில் ஒன்று ‘மா பெர்கின்ஸ்’. ஒரு சின்ன ஊரில் மரக்கடை நடத்துகிற விதவைத் தாயின் கதை. 1933இல் ஆரம்பித்தபோது அந்த வயதான அம்மாவாகக் குரல் கொடுத்த வர்ஜீனியா பெய்னுக்கு வயது 23. கடைசிவரை, 27 வருஷமும், அவரேதான் பேசினார். வேறு யாரும் அந்தப் பாத்திரத்தைத் தொடவில்லை. கடைசி எபிசோடில் நன்றி நாள் விருந்துக்குக் குடும்பம் கூடியிருக்கிறது, கதையில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கதை முடிந்த பிறகு அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, இது எங்களுடைய 7,065ஆவது ஒலிபரப்பு என்கிறார். கூட நடித்தவர்களின் பெயர்களைச் சொல்கிறார். கேட்டவர்களுக்கு நன்றி சொல்கிறார். கடிதம் எழுதினால் பதில் போட முயல்கிறேன் என்கிறார். அந்தச் சில நிமிஷத்தில் கிழவியின் குரலும் ஐம்பது வயதுப் பெண்ணின் குரலும் மாறி மாறி வருவது கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே வருஷம் செப்டம்பர் 24இல் டிவியில் ‘ஹவுடி டூடி’ முடிந்தது. 1947 டிசம்பர் 27 முதல் ஓடிய குழந்தைகள் நிகழ்ச்சி. அதில் கிளாரபெல் என்ற கோமாளி ஒரு நாளும் பேச மாட்டான், ஹாரன் அடித்துத்தான் பதில். கடைசி நாளில் அவனிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்று நிகழ்ச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்து, முடியும் நேரத்தில் அவன் கேமராவைப் பார்த்து, உதடு நடுங்க, குழந்தைகளுக்கு விடை சொல்கிறான். அவன் பேசியது அது ஒன்றுதான். வண்ண டேப்பில் பத்திரமாக இருக்கிறது.

பிறகு செப்டம்பர் 30. 1962இல் அந்த ஞாயிற்றுக்கிழமை ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’, ‘சஸ்பென்ஸ்’ இரண்டும் கடைசியாக ஒலித்தன. ரேடியோ நாடகத்தின் பொற்காலம் அன்றோடு முடிந்தது என்று பெரும்பாலோர் கணக்கு வைப்பது அதனால்தான். கதைகளைப் பொறுத்தவரை இரண்டும் சாதாரண எபிசோடுகள்தான், அலங்காரமான விடைபெறல் எல்லாம் கிடையாது. ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புவெள்ளை எழுதியது:

டிவி பக்கம் யாரும் விரிவாகப் போகவில்லை என்பதால் நான் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து ஆரம்பிக்கிறேன். தேதிச் சிக்கலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒளிபரப்பின் முதல் நாள் 1951 அக்டோபர் 15. ஆனால் அன்றைக்கு வந்தது முதலில் எடுத்த எபிசோடு இல்லை. முதலில் எடுத்தது செப்டம்பர் 8இல், அது நவம்பர் 5இல்தான் வந்தது. அதற்கும் முன்னால் மார்ச் மாதம் எடுத்த ஒரு மாதிரி எபிசோடு இருந்தது. அது பல வருஷம் காணாமல் போய், அதில் நடித்த பெப்பிட்டோ என்ற கோமாளிக் கலைஞரின் மனைவியிடம் ஒரு பிரதி இருந்தது தெரியவந்து, 1990இல் சிபிஎஸ் அதை ஒளிபரப்பியது. இதில் எது பிறந்தநாள்? நான் அக்டோபர் 15ஐத்தான் வைப்பேன், ஏனென்றால் வீட்டில் இருந்த ஜனம் பார்த்த நாள் அது.

ஆனால் கொண்டாட வேண்டிய விஷயம் வேறு. சிபிஎஸ் அந்த நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து நேரலையாக நடத்தச் சொன்னது. அப்போது மற்ற ஊர்களுக்கு அனுப்புவதென்றால் டிவி திரையையே ஃபிலிம் கேமராவால் படம் பிடிக்கிற கைனஸ்கோப் முறைதான், மங்கலாக இருக்கும். அதில் நடித்த தம்பதி லூசில் பாலும் தேசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள். பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று 35 எம்எம் கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது என்று முடிவானது. கார்ல் ஃப்ராய்ண்ட் ஒளிப்பதிவாளர். செலவு கூடியதால் இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஒருமுறை ஒளிபரப்பானதற்கு அப்புறம் என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். இன்றைக்கு அந்தப் படம் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அந்த ஒப்பந்தம்தான். குழுவில் போட ஒரு எபிசோடு கேட்டால் ஜனவரி 19ஐச் சொல்வேன். 1953இல் அன்று காலை லூசில் பாலுக்கு மகன் பிறந்தான், ராத்திரி கதையிலும் லூசிக்குக் குழந்தை பிறந்தது. எபிசோடு அதற்கு முந்தைய நவம்பரிலேயே எடுத்து வைத்தது. சுமார் 4.4 கோடி பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

இதற்கு நேர் எதிராக டியூமான்ட். ஒரு காலத்தில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசியோடு நாலாவது நெட்வொர்க்காக இருந்து 1956இல் மூடிப்போனது. அதன் கைனஸ்கோப்புகளை 1970களில் லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய் நியூயார்க் துறைமுகத்து நீரில் கொட்டிவிட்டார்கள் என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் காங்கிரஸ் நூலகம் நடத்திய விசாரணையில் சொன்னார். ஜானி கார்சன் ராத்திரியில் நடத்திய உரையாடல் நிகழ்ச்சி ‘டுநைட் ஷோ’வும் அப்படித்தான். 1962 அக்டோபர் 1இல் தொடங்கியது. முதல் பத்து வருஷ டேப்புகளில் பெரும்பகுதியை அழித்து மேலேயே வேறு பதிவு செய்துவிட்டார்கள். முதல் ராத்திரிக்கு ஒலி மட்டும் மிச்சம், நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸ் கார்சனை அறிமுகப்படுத்துகிறார்.

அதனால் தட்டு சார் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பதிவு இருக்கிற நாளை மட்டும் கொண்டாடினால், அழித்தவர்களுடைய முடிவையே நாமும் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாட்காட்டியில் சில நாட்களை வெறுமையாக வையுங்கள். அன்றைக்கு எதுவும் போடாமல், அது எப்படித் தொலைந்தது என்பதை மட்டும் பேசுங்கள்.

நள்ளிரவு நேயர் எழுதியது:

முதலும் வேண்டாம் கடைசியும் வேண்டாம், நடுவில் வருகிற ஒரு சாதாரண வாரம்தான் சரி. ஒரு நிகழ்ச்சி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதன் உண்மையான பலம் தெரியும்.

மார்ச் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1948. நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி தன் ரேடியோ நிகழ்ச்சியில், பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்ட் கோல்மனிடம் அவர் வாங்கிய ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வருகிறார். ஒரு திருடன் மடக்கிப் பணமா உயிரா என்கிறான். பென்னி பேசவே இல்லை. பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். திருடன் பொறுமை இழந்து மறுபடி கேட்கிறான். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பென்னி எரிந்து விழுகிறார். ரேடியோவில் மௌனம் என்பது ஆபத்தான விஷயம், கேட்கிறவர் நிலையம் நின்றுபோனது என்று நினைத்து வேறு அலைவரிசைக்குப் போய்விடலாம். 1932 முதல் வாராவாரம் கட்டி வளர்த்த கஞ்சப் பாத்திரம் ஒன்று இருந்ததால்தான் அந்த மௌனத்திலேயே ஜனம் சிரித்தது. வானொலி வரலாற்றிலேயே நீளமான சிரிப்பு இது என்று எழுதுவார்கள், பதிவைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. அதனால் சிறப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஏப்ரல் 8உம் சேர்க்கலாம். 1941இல் லோன் ரேஞ்சராகப் பேசிய ஏர்ல் கிரேசர் கார் விபத்தில் இறந்துபோனார். நிகழ்ச்சி நிற்கக் கூடாது. கதாநாயகன் காயம்பட்டுக் கிடக்கிறான், கிசுகிசுப்பாக மட்டும்தான் பேச முடிகிறது என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். சில எபிசோடுகளுக்குப் பாரம் முழுவதையும் அவன் தோழன் டோன்டோ சுமக்கிறான். ரேஞ்சர் குணமாகிப் பேசும்போது குரல் பிரேஸ் பீமருடையது. அதுவரை நிகழ்ச்சியில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர்.

அக்டோபர் 30ஐ எப்படியும் சேர்ப்பீர்கள், 1938, செய்தி அறிக்கை மாதிரியே ஆர்சன் வெல்ஸ் நடத்திய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகம். ஒரு வேண்டுகோள், நாடே தெருவுக்கு ஓடி வந்தது என்று அறிமுகம் சொல்லாதீர்கள். அன்று அந்த நேரத்தில் பெரும்பாலோர் என்பிசியில் எட்கர் பெர்கனின் பொம்மை நகைச்சுவையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் மறுநாள் பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. அதைவிட நல்ல விஷயம் ஒன்று சொல்லலாம். சம்பவ இடத்திலிருந்து பேசும் செய்தியாளராக நடித்த ஃப்ராங்க் ரீடிக், தயாராவதற்காக மாரிசனின் ஹிண்டன்பர்க் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மே 6ஐயும் அக்டோபர் 30ஐயும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள், குரல் திணறுகிற இடங்கள் அப்படியே ஒத்துப்போகும்.

அலைவரிசை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெறுமை நாள் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, நவம்பர் 20ஐ ‘கோல்ட்பர்க்ஸ்’ தொடருக்காக அப்படி வைக்கப்போகிறேன். இன்னொன்று கேட்கிறேன். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ 1928 மார்ச் 19இல் சிகாகோவில் தொடங்கியது. அது இல்லாமல் ரேடியோ வரலாறு இல்லை. ஆனால் இரண்டு வெள்ளையர்கள் கறுப்பர்களாகப் பேசி நடித்த நிகழ்ச்சி. குழுவில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

செந்தாமரை எழுதியது:

மறைக்க வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1931இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர்களின் பத்திரிகை நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி, பத்து லட்சம் கையெழுத்து என்ற இலக்கோடு இயக்கமே நடத்தியது. அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். எபிசோடு போடுவதானால் ஒரு பத்து நிமிஷம் போதும், பிறகு பேசுங்கள்.

இந்த விஷயத்தை அதோடு விட்டுவிடாமல் நவம்பர் 24ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். 1947இல் அன்றைக்குக் கறுப்பின நடிகை ஹேட்டி மக்டேனியல் ‘பியூலா’ ரேடியோத் தொடரின் நாயகியானார். அதற்கு முன்னால் அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணாகக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளைக்கார ஆண்கள். பாத்திரம் அதே வீட்டு வேலைக்காரிதான், அதில் நியாயமான வருத்தம் உண்டு. ஆனால் குரல் யாருடையது என்பது மாறியது.

அலைவரிசை எழுதியது:

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். நவம்பர் 24, 25 அடுத்தடுத்து வருவதால் முதல் நாள் ‘பியூலா’, மறுநாள் ‘மா பெர்கின்ஸ்’ கடைசி எபிசோடு என்று வைத்துவிடலாமா?

செந்தாமரை எழுதியது:

தாராளமாக. ஆனால் கடைசி எபிசோடை மட்டும் போட்டால் புதியவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று புரியாது. 1940களிலிருந்து ஒரு சாதாரண எபிசோடு, கால் மணி நேரம்தான், சோப்புத்தூள் விளம்பரத்தை வெட்டாமல் முதலில் போடுங்கள். உடனே 1960. நடுவில் யாரும் எதுவும் விளக்க வேண்டாம்.